வருங்கால நகரம்: வரைவோர் கனவும் வாழ்வோர் ஊரும்

'எம்டன்' என்னும் சொல் தமிழர் நாவிற் குடியேறிய வரலாறு யாவரும் அறிந்ததே. 1914ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் 22ஆந் திகதி இரவு, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்துவிட்டு மறைந்த ஜேர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது. எவரும் எதிர்பாராத வேளையில் வந்து காரியத்தை முடித்துச் செல்லும் சூரனை 'அவன் ஓர் எம்டன்' என்று நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆயின், அக்கப்பல் அடுத்த மாதத்திலே இந்து சமுத்திரத்தில் மூழ்கடித்த வணிகக் கப்பல்களுள் 'கிளான் கிராண்ட்' என்பதும் ஒன்று என்பதையும், அதனோடு கடலடியிற் சென்றவை பெருந்தொகையான நகரப் படங்கள் என்பதையும் அறிந்தவர் மிகச் சிலரே.

அப்படங்களுக்கு உரியவர் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டு அறிஞர். டண்டீ நகரில் தாவரவியற் பேராசிரியராயிருந்தவர். பின்னர் நகரமைப்புக் கலையின் முன்னோடிகளுள் ஒருவராய்ப் போற்றப்பட்டவர். சென்னை ஆளுநரின் அழைப்பை ஏற்று இந்தியாவுக்கு வந்த அவர், பழைய நகரங்களின் ஓவியங்களையும் புதிய நகரங்களின் திட்டங்களையும் கொண்ட கண்காட்சியொன்றைத் தமக்கு முன்னரே கப்பலில் அனுப்பிவைத்தார். பல்லாண்டு உழைப்பு ஒரு நாளில் நீரில் ஆழ்ந்தது. அவரோ மனந்தளர்ந்தாரல்லர். நண்பர்கள் விரைந்து புதிய படங்களைத் திரட்டியனுப்ப, 1915ஆம் ஆண்டின் தொடக்கத்திலே சென்னையில் அக்கண்காட்சி நடந்தேறியது.

போர் மூண்டிருந்த காலத்தில் ஒருவர் நகரங்களின் படங்களைக் கடல் கடந்து கொண்டுவர வேண்டிய அவசியம் யாது? நகரம் முதலில் மனத்திலே தோன்றுகிறது. பின்பு தாளிலே தோன்றுகிறது. அதன் பின்னரே தரையிலே எழுகின்றது. ஆதலின், வருங்காலத்தில் நாம் எத்தகைய ஊர்களில் வாழப்போகின்றோம் என்பதை அறிய விரும்புவோர், ஓவியரும் கட்டடக்கலைஞரும் இன்று எதனை வரைகின்றனர் என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அவர் வரைந்ததை மட்டுமன்றி, வரையாது விட்டதையும் நோக்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுந்தது.

நகரைக் கற்பனையில் முன்னரே கண்டு அமைத்தல் நமக்குப் புதியதன்று. மயமதம் முதலிய சிற்பநூல்கள் தண்டகம், சுவத்திகம், நந்தியாவர்த்தம், பதுமம் என ஊரமைப்பின் வகைகளைப் பெயரிட்டு விளக்குகின்றன. வீதி எத்திசையிற் செல்லவேண்டும், கோயில் எங்கே அமையவேண்டும், குளம் எங்கே தோண்டப்படவேண்டும் என்பவற்றையெல்லாம் அவை வகுத்துரைத்தன. ஊரின் நடுவே யார் இருப்பர், ஊருக்குப் புறத்தே யார் தள்ளப்படுவர் என்பதையும் அவையே ஒருங்கு விதித்தன என்பதை நாம் மறைத்தலாகாது. அழகிய திட்டமொன்றின் எல்லைக்கோடு சிலருக்கு வேலியாயும் அமைந்துவிடுகின்றது.

இத்தாலியிலே ஊர்பினோ நகரத்துக் கலைக்கூடத்தில் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஓவியப் பலகையொன்று உண்டு. 'இலட்சிய நகரம்' என அதனை அழைப்பர். வரைந்தவர் இன்னார் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. நடுவே வட்ட வடிவமான மண்டபம். இருமருங்கும் ஒழுங்கு குலையாத மாளிகைகள். தளம் பதித்த அகன்ற முற்றம். நேர்கோடுகள் எல்லாம் தூரத்தே ஒரு புள்ளியிற் சென்று ஒடுங்குகின்றன. எத்தனை முறை நோக்கினும் சலிப்புத் தராத ஓவியம் அது. ஆயினும் அதனுள் ஒரு மனிதரேனும் இல்லை. கீரை விற்பவள் இல்லை, குழந்தை இல்லை, காயப்போட்ட சேலை இல்லை. இலட்சிய நகரம் மனிதர் வருமுன்னரே முழுமை பெற்றுவிட்டது. பின்வந்த நூற்றாண்டுகளில் வரையப்பட்ட வருங்கால நகரங்கள் பலவற்றிற்கும் இப்பலகை ஒரு முன்னுரை எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கனவு புத்துருப் பெற்றது. 1914ஆம் ஆண்டு மிலான் நகரில் அந்தோனியோ சாந்தெலியா என்னும் இளங் கட்டடக்கலைஞர் 'புதிய நகரம்' என்னும் தலைப்பிலே தம் வரைபடங்களைக் காட்சிக்கு வைத்தார். வானளாவிய மாடங்கள், அவற்றின் புறத்தே தூண்கள்போல் ஏறியிறங்கும் மின்தூக்கிகள், பல அடுக்குகளாய் ஓடும் வீதிகள், கோபுரங்கள்போல் நிமிர்ந்த மின்சார நிலையங்கள் என அந்நகரம் முழுவதும் ஓர் இயந்திரமாகவே காட்சியளித்தது. ஒவ்வொரு தலைமுறையும் தன் நகரைத் தானே புதிதாகக் கட்டிக்கொள்ளல் வேண்டும் என்பது அவர் பெயரால் வெளிவந்த அறிக்கையின் துணிபு. பழமை என்னும் சுமையை இறக்கிவைத்துவிட்டு ஓட விரும்பிய இளைஞர் உள்ளம் அதிலே பேசுகின்றது.

ஆனால், 1916ஆம் ஆண்டிலே போர்முனையில் அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 28. புதிய நகரத்தின் ஒரு சுவரேனும் எழவில்லை. பல ஆண்டுகளின் பின்னர், அவர் பிறந்த கோமோ நகரத்தார் போரில் இறந்தோருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப எண்ணியபோது, அவர் வரைந்த மின்சார நிலையமொன்றின் படத்தையே அடிப்படையாகக் கொண்டனர். ஜுசெப்பே தெராக்னி என்னும் கட்டடக்கலைஞரின் பொறுப்பிலே 1933ஆம் ஆண்டில் அது நிறைவெய்தியது. வருங்காலத்துக்கு ஒளிதர வரையப்பட்ட கோபுரம் மாண்டோர்க்கு நடுகல்லாயிற்று. தாளில் இட்ட கோட்டைக் காலம் எத்திசைக்கு இழுத்துச் செல்லும் என்பதை வரைந்தவரும் அறியார்.

சாந்தெலியா வரைந்தவை தனித்தனிக் காட்சிகள். அவற்றை ஒரு முழுத் திட்டமாக்க முனைந்தவர் லெ கோர்பூசியே. 1922ஆம் ஆண்டிலே 30 இலட்சம் மக்களுக்கான நகரமொன்றை அவர் பாரிசிற் காட்சிக்கு வைத்தார். நடுவே சிலுவை வடிவமான 24 வானுயர் கட்டடங்கள். சூழப் பசும்புற் பூங்காக்கள். மோட்டார் வண்டிகளுக்கெனத் தனி நெடுஞ்சாலைகள். 1925இல் அவர் ஒருபடி மேலே சென்று, பாரிஸ் நகரின் பழைய பகுதியொன்றை இடித்துத் தள்ளி, அவ்விடத்தில் 18 கோபுரங்களை நிறுத்தும் திட்டத்தை வெளியிட்டார். பாரிசு மக்கள் செய்த தவம், அத்திட்டம் தாளோடு நின்றது. எனினும் அவரை எள்ளி நகையாடுதல் நியாயமன்று. காற்றும் வெளிச்சமும் புகாத வீடுகளிலே காசநோய்க்கு இரையாகும் மக்களைக் கண்டு நொந்த உள்ளத்திற் பிறந்த கனவு அது. 'யாவர்க்கும் வெயிலும் மரமும் வெளியும் வேண்டும்' என்னும் அதன் கருத்தை மறுப்பார் யார்?

கட்டடக்கலைஞர் காணத் தவறியதைச் சில வேளைகளிற் பிற கலைஞர் கண்டுவிடுகின்றனர். 1927ஆம் ஆண்டு ஜேர்மனியில் வெளிவந்த 'மெற்றொபொலிஸ்' என்னும் பேசாப்படம் இதற்குச் சான்று. வானுயர் மாடங்களையும் அவற்றிடையே பாலங்களையும் காட்டிய நெறியாளர் பிரிட்ஸ் லாங், அந்நகரத்தின் அடியிலே, நிலத்தின் கீழே, இயந்திரங்களோடு மாய்ந்துபோகும் தொழிலாளரையும் காட்டினார். கட்டடக்கலைஞர் தாள் நிலமட்டத்தோடு முடிய, சினிமாக் கலைஞர் தாளைக் கீழ்நோக்கி நீட்டினார். 'இந்நகரை நடத்துவோர் எங்கே குடியிருப்பர்?' என்னும் வினா அங்கே எழுந்தது.

இவ்வினாவுக்கு விடை காண, தாளிலிருந்து தரைக்கு இறங்கிய இரு நகரங்களை நோக்குவோம். 1947ஆம் ஆண்டின் பிரிவினையால் பஞ்சாபு இரண்டாயிற்று. அதன் தலைநகராகிய லாகூர் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. வீடிழந்து வந்த இலட்சக்கணக்கான அகதிகளைக் கொண்ட இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரொன்று வேண்டியிருந்தது. அதுவே சண்டிகார். முதலில் அல்பேட் மேயரும் மத்தேயு நொவிஸ்கியும் திட்டம் வகுத்தனர். நொவிஸ்கி 1950இல் விமான விபத்தில் இறக்கவே, 1951ஆம் ஆண்டில் அப்பணி லெ கோர்பூசியேயிடம் வந்தது. ஏறத்தாழ 1,200 மீற்றர் நீளமும் 800 மீற்றர் அகலமும் கொண்ட பகுதிகளாக நகரம் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியும் தனக்கெனப் பள்ளியும் கடைத்தெருவும் பசுந்தரையும் கொண்டது. அகதியாய் வந்தவருக்கு நிழல் மரமும் ஒழுங்கான தெருவும் கிடைத்தன. இன்றும் இந்தியாவின் சீரிய நகரங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுவது தகுதியே.

ஆயினும் அந்நகரம் வெற்றுத் தரையில் எழுந்ததன்று. அங்கே பல கிராமங்கள் இருந்தன, அவை இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளைக் கண்ணுற்றவர் ஒருவர், வீதிப் பரிசோதகராய் அரச சேவையில் இருந்த நெக் சந்த். அவரும் பிரிவினையிலே தம் சொந்தக் கிராமத்தை இழந்து வந்தவரே. 1950களின் பிற்பகுதியிலே, மாலை வேளைகளிற் சைக்கிளிற் சென்று, உடைந்த ஓடுகள், வளையற் துண்டுகள், பீங்கான் சில்லுகள், கைவிடப்பட்ட மின்சாரப் பொருள்கள், ஆற்றுக் கற்கள் ஆகியவற்றைப் பொறுக்கி, நகரின் ஓரத்துக் காட்டுப் பள்ளத்திலே ஒளித்துச் சேர்த்தார். அவற்றால் மனிதரையும் விலங்குகளையும் நூற்றுக்கணக்கில் உருவாக்கி அணி அணியாய் நிறுத்தினார். கட்டடம் எழுப்புதல் தடைசெய்யப்பட்ட காட்டு நிலம் அது. ஆதலின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதனை இரகசியமாகவே செய்தார். 1970களின் நடுவிலே அதிகாரிகள் அதனைக் கண்டபோது, சட்டப்படி இடித்திருக்கலாம். இடித்தாரல்லர். 1976ஆம் ஆண்டு அப்பாறைத் தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும் வேலையாட்களும் வழங்கப்பட்டன. 2015ஆம் ஆண்டில் அவர் மறையும்வரை அது வளர்ந்துகொண்டேயிருந்தது.

இச்செய்தியை நாம் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கின்றோம். உலகப் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் வருங்காலத்தை வரைந்தார். வீதிப் பரிசோதகர் ஒருவர் அவ்வருங்காலம் உடைத்தெறிந்தவற்றைப் பொறுக்கி ஊர் ஒன்றைச் சமைத்தார். இன்று சண்டிகாருக்குச் செல்வோர் இரண்டையும் காண விரும்புகின்றனர். திட்டத்திலே இடம்பெறாத தோட்டம் திட்டத்தின் குறையை நிறைவு செய்தது எனலாம்.

இரண்டாவது நகரம் பிரேசில் நாட்டுப் பிரசீலியா. 1957ஆம் ஆண்டுப் போட்டியிலே லூசியோ கோஸ்தாவின் திட்டம் தெரிவாயிற்று. இறகு விரித்த பறவையொன்றை ஒத்த அந்நகரத்தின் தலையாய கட்டடங்களை ஒஸ்கார் நீமேயர் அமைத்தார். 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி அது தலைநகராகத் திறந்துவைக்கப்பட்டது. அதன் கட்டடங்களின் எழில் சொல்லில் அடங்காது. ஆனால், நாட்டின் வறிய பகுதிகளிலிருந்து வந்து அதனைக் கட்டிய தொழிலாளருக்குத் திட்டத்தில் நிலையான இடம் இருக்கவில்லை. ஆகவே, தலைநகரம் திறக்கப்படுவதற்கு முன்னரே, 1958இல், தகுவாத்திங்கா என்னும் துணைநகரம் புறத்தே தோன்றிவிட்டது. கோயிலைக் கட்டியவர் கோயிலுள் நுழைய முடியாதிருந்த கொடுமையை அறிந்த நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

யப்பானியரின் முயற்சி வேறுவகையானது. நகரமும் உயிர்போல் வளர்ந்து, பழைய அணுக்களை உதிர்த்துப் புதியன பெறல் வேண்டும் என 1960ஆம் ஆண்டிலே தோக்கியோவில் இளங் கட்டடக்கலைஞர் சிலர் அறிக்கை விடுத்தனர். அவர்களுள் ஒருவராகிய கிஷோ குரோகாவா 1972இல் அமைத்த நகாகின் கோபுரத்தில் 140 சிற்றறைகள் பெட்டிகள்போற் பொருத்தப்பட்டிருந்தன. 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய பெட்டியைக் கழற்றிப் புதியது பூட்டலாம் என்பது கருத்து. ஒரு பெட்டியேனும் மாற்றப்படவில்லை. பெட்டிகள் பழுதுற்று, 2022ஆம் ஆண்டில் முழுக் கோபுரமும் அகற்றப்பட்டது. மாற்றத்துக்கென அமைத்த கட்டடமே மாறாது நின்று மாண்டது. மாற்றும் பொறியைக் கலைஞர் அமைத்தார். மாற்றுவதற்கு வேண்டிய செலவையும் இணக்கத்தையும் மனிதரன்றோ தரவேண்டும்?

இனி, கடலிற் படங்களை இழந்த கெடிசிடம் மீள்வோம். 1915ஆம் ஆண்டளவில் தஞ்சை, மதுரை முதலிய ஊர்களை அவர் நடந்து நடந்து ஆராய்ந்தார். நெருக்கமான தெருக்களை நேர்கோட்டில் இடித்துச் செல்லும் அக்காலப் பொறியியலாளர் முறையை அவர் ஏற்கவில்லை. நோயை அறிந்தபின்னரே மருந்து. அதுவும் உடலைக் காக்கும் சிகிச்சை என்பது அவர் கொள்கை. இங்கே பாழ்வீடொன்றை அகற்றி முற்றமாக்கலாம். அங்கே தூர்ந்த குளத்தைத் துப்புரவாக்கலாம். மரமொன்றை நட்டு அதன் கீழ்த் திண்ணை அமைக்கலாம். ஊர் மெல்ல மூச்சுவிடத் தொடங்கும்.

அவர் இந்தூர் நகரிலே செய்தது இதனினும் வியப்புக்குரியது. 1918இல் வெளிவந்த அறிக்கைக்காக அங்கே பணிபுரிந்த காலத்தில், கொள்ளைநோய் அந்நகரை வாட்டியது. படம் வரைவதால் மட்டும் பயனில்லை எனக் கண்ட கெடிஸ், தம்மை ஒருநாள் மன்னராக்கும்படி ஆட்சியாளரை வேண்டினார். தீபாவளி ஊர்வலம் வழமையான வீதியாற் செல்லாது. எத்தெருக்களில் வீடுகள் நன்கு துப்புரவாக்கப்பட்டுள்ளனவோ அத்தெருக்களாலேயே செல்லும் என அறிவிக்கப்பட்டது. தெருவுக்குத் தெரு போட்டி மூண்டது. ஊர்வலத்திலே அழுக்கின் அரக்கனும் கொள்ளைநோய் பரப்பும் பேரெலியும் உருவங்களாய் வந்து ஈற்றில் எரியூட்டப்பட்டன. நகரைத் துப்புரவு செய்யும் தொழிலாளர் வெள்ளாடை உடுத்து மாலையணிந்து நடந்தனர். நகரத்தையே ஒரு தேவியாக உருவகித்து, அவள் கொடியிலே நகரத்தின் வரைபடத்தை ஏந்திச் சென்றனர். கட்டப்படவிருக்கும் வீடுகளின் மாதிரிகளும் உடன்வந்தன. வீடுதோறும் வைத்து வளர்க்கத் துளசிக் கன்றுகள் வழங்கப்பட்டன.

தேரோட்டத்துக்கு முன்னர் வீதி கூட்டி, நீர் தெளித்து, கோலமிட்டு, நிறைகுடம் வைத்துப் பழகிய நமக்கு இந்த உபாயத்தின் நுட்பம் எளிதிற் புலப்படும். வருங்கால நகரம் கண்காட்சிச் சுவரிலே தொங்கவில்லை. மக்கள் தெருவிலே அவர்கள் கண்முன்னே நடந்து சென்றது. படத்தின் வெளியே எப்போதும் விடப்படுபவராகிய துப்புரவுத் தொழிலாளர் அங்கே படத்தின் நடுவே நின்றனர். கலையும் நகரமைப்பும் உண்மையாகவே கைகோத்த நாள் அதுவென்போம்.

கெடிஸ் நம் நாட்டுக்கும் வந்தார். கொழும்பு நகருக்கான அவருடைய முதலறிக்கை 1921ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் பின்னர் ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று வருங்கால நகரங்களைக் கணினி வரைகின்றது. 2021ஆம் ஆண்டு சவூதி அரேபியா 170 கிலோமீற்றர் நீளமான ஒரே கோடாய் 10 இலட்சம் மக்களுக்கு ஒரு நகரை அறிவித்தது. பாலைவனத்தின் நடுவே 500 மீற்றர் உயரமான இரு கண்ணாடிச் சுவர்கள் நிமிர்ந்து நிற்கும் படங்கள் உலகெங்கும் பரவின. ஆயின், அந்நகரம் அமையும் பெருந்திட்டத்துக்கெனக் குறித்த நிலமும் வெற்றுத் தாளன்று. அங்கே வாழ்ந்த ஹுவைத்தாத் குலத்தார் பலர் தம் ஊர்களிலிருந்து அகற்றப்பட்டனர். கருவி புதிதாயினும் பழைய பிழை புதிதாகவில்லை.

இவையெல்லாம் தூரத்துச் செய்திகள் என நாம் ஆறியிருத்தல் இயலாது. போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டின் பின்னர், நம் ஊர்களின் வருங்காலமும் வரையப்பட்டுக்கொண்டே இருக்கின்றது. நம் கல்லூரியிற் படித்துப் பொறியியலாளராயும் கட்டடக்கலைஞராயும் வணிகராயும் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நாம், பிறந்த ஊருக்கு ஏதேனும் செய்தல் வேண்டும் என எண்ணும்போதெல்லாம், முதலில் அனுப்பிவைப்பது ஒரு படத்தையே. அப்படத்தில் வீதி அகலமாயிருக்கின்றது, மாடிகள் மின்னுகின்றன. கிணறு எங்கே எனத் தேடினால் இல்லை.

வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாடு நம்முடையது. மழைநீர் சுண்ணக்கல்லின் ஊடே இறங்கி, உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். கழிவைக் கவனியாது விட்டால் நன்னீர் நஞ்சாகும். ஆகவே, குடாநாட்டில் மாடி வரைபவர் முதலில் கிணற்றை வரையட்டும். நம் முன்னோர் தெருவோரத்திலே சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக்கல்லும் கேணியும் மடமும் அமைத்தனர். தலைச்சுமையோடு நடப்பவளுக்கும் தினவெடுத்த மாட்டுக்கும் இடம்தந்த அமைப்பு அது. அவற்றை அப்படியே மீண்டும் நடவேண்டும் என நாம் சொல்லவில்லை. இன்றைய சுமைகாரர் யார், அவர் எங்கே இறக்கி இளைப்பாறுவர் என்னும் வினாவை மறவாதிருத்தல் வேண்டும் என்கின்றோம்.

யாழ்ப்பாணத்துப் பொது நூல்நிலையம் இதற்கு நல்லதோர் உரைகல். எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையோடும் சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மனின் திட்டத்தோடும் எழுந்து, 1959ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டு, 1981இல் எரியூட்டப்பட்ட அக்கட்டடம் மீண்டும் எழுந்தபோது, பழைய தோற்றமே தெரிவு செய்யப்பட்டது. புதுமை செய்ய வல்லார் இல்லாமையால் அன்று. மக்கள் மனத்திலே அப்படம் அழியாதிருந்தமையால். எரிந்த ஏடுகள் திரும்பவில்லை. ஆயினும், ஒரு நகரம் தன் வருங்காலத்தை வரையும்போது எந்தக் கோட்டைக் கைவிட மாட்டாது என்பதை அது நமக்குக் காட்டிற்று.

கனவு காணாதே என எவரையும் நாம் தடுக்கவில்லை. சாந்தெலியாவின் துணிவும் லெ கோர்பூசியேயின் ஒழுங்கும் நம் இளைஞருக்கு வேண்டியனவே. ஆனால், ஊரின் வருங்காலத்தை வரையப் புகும் நம் மாணவர், தாளை விரிக்குமுன்னர் ஒருநாள் நண்பகல் வெயிலில் அவ்வூர்த் தெருவிலே நடந்து வரட்டும். எவ்விடத்தில் நிழல் உண்டு, எக்கிணற்று நீர் இனிக்கும், காலையிற் சந்தைக்கு மரக்கறி கொண்டுவருபவர் எங்கே நிற்பர், அத்தெருவைக் கூட்டுபவர் எங்கே குடியிருக்கின்றார் என்பவற்றைக் குறித்துக்கொண்டு வரட்டும். அக்குறிப்புகளுடன் வரையத் தொடங்குவாராயின், கல்லூரியின் அடுத்த விழா மலரை வாசிப்போர் வாழத்தக்க ஊர்களில் இருந்து வாசிப்பர். அந்நன்மை விளைவதாக.